ஜீப் ஷெட்டில் தைக்கும் ஜெயமேரி

தேனியில் இருக்கும் ஜெசிதான் முதலில் சொன்னாள். ஜெசி எங்கள் சித்தப்பா மகள். அவளுக்குச் சொன்னவர் சின்னமனூரில் லேஸும் ரிப்பனும் விற்கிற கடைக்காரர். அவருக்கு யார் சொன்னார்கள் என்பது ஜெசிக்குத் தெரியாது.

“ஏடி ஷெரினு, ஒங்க அக்கா ஷெட்டுல வேலைக்கு வந்த பொம்பள ஒருத்தி கரண்டு அடிச்சு அப்படியே ஒட்டிக்கிட்டாளாம். ஷட்டரப் பிடிச்ச கை பிடிச்சபடி நின்னாளாம். கட்டையால அடிச்சுத்தான் பிரிச்சாகளாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காகளாம். உசுரு இருக்கோ இல்லையோன்னு பேசிக்கிறாக.”

குரல்பதிவாக வந்த இந்தச் செய்தியை நான் கேட்டது அயர்லாந்தில், நர்ஸாக வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தின் நடைபாதையில். மாத்திரை வண்டியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு அனுமந்தன்பட்டிக்கு அடித்தேன். ஜெயமேரி அக்கா உடனே எடுத்துவிட்டாள். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“யாரு செத்தா?” என்று சிரித்தாள். “அன்னத்தாயியா? இந்தா, காலைல வந்து எங்கிட்ட காப்பி வாங்கிக் குடிச்சிட்டுத்தான் போனா. ஷட்டரத் தூக்கயில சுர்ருன்னு ஒரு இழுப்பு. அம்புட்டுத்தான். அவ கத்துன கத்துல தெருவே கூடிருச்சு.”

“சுர்ருன்னு இழுத்துச்சா?”

“கரண்டுன்னா இழுக்கத்தான செய்யும். மல்லியப்பூ மணமா வரும்?”

சொன்ன செய்தி பொய் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. செத்ததும் பொய், கட்டையால் அடித்ததும் பொய், ஆஸ்பத்திரியும் பொய். அந்தச் சுர் மட்டும் உண்மை. அதே ஷட்டரைத்தான் அக்காவும் தினமும் தூக்குகிறாள்.

அக்கா பிறந்தது அனுமந்தன்பட்டியில். வாக்கப்பட்டதும் அதே ஊரில்தான், கோயிலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில். பத்தாவது முடித்ததும் கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் சேர்ந்தாள். சிஸ்டர்கள் முதலில் கொடுத்த வேலை பீடத் துணிக்கு ஓரம் அடிப்பது. கோணல் விழுந்தால் பிரித்துத் திரும்ப அடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவே இல்லை. குழம்பில் உப்பு கூடலாம், குறையலாம், அதற்கெல்லாம் அவள் அலட்டிக்கொள்ள மாட்டாள். தையல் கோணினால் சோறு இறங்காது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு என்னை நர்ஸிங் படிக்க வைத்தது அவளுடைய மிஷின்தான். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைப்பதில் உத்தமபாளையம் வட்டாரத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை என்பார்கள். இதை அவளே சொல்வாள், யாரும் சொல்லும்வரை காத்திருக்க மாட்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் இமானுவேல் அத்தான் ஜீப் ஓட்டினார். விடியுமுன் கூலிக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறுவார். சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவார். ஒரு மழைநாளில் வளைவில் ஜீப் சரிந்து ஒரு மரத்தில் முட்டி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. அதற்கு நேர்ந்துகொண்டு வீட்டு வாசல் மூலையில் மாதாவுக்கு ஒரு கெபி கட்டினார். சிமெண்டில் செய்த சின்னக் குகை, உள்ளே நீலக் கச்சை கட்டிய மாதா, முன்னால் கிரானைட் படி. பிறகு முழங்கால் தேய்ந்துபோய் ஜீப்பை விற்றுவிட்டார். ஷெட்டு காலியாக நின்றது. வீட்டுக்குள்ளே அக்காவின் மிஷினும் அத்தானின் டிவியும் ஒரே அறையில் சண்டை போட்டன. ஒரு வெள்ளைக் கவுன்மேல் அத்தானின் காப்பி கொட்டிய அன்று அக்கா ஷெட்டுக்குக் குடிபோவது என்று முடிவெடுத்தாள்.

அங்கே அதுவரை ஒரே ஒரு பல்புதான். கரண்டில் ஓடும் தையல் மிஷின்கள், ஓவர்லாக், ஆவி கக்குகிற பெரிய அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் பிளக் பாயிண்டு வேண்டும். உத்தமபாளையத்திலிருந்து ஒச்சாண்டி அண்ணன் வந்து, மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன் இழுத்து, சுவர் நெடுக இரும்புப் பெட்டி வைத்துப் பாயிண்டு போட்டுக் கொடுத்தார். அக்கா வேலைக்கு அன்னத்தாயையும் இன்னும் இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டாள். ஷட்டரில் அன்னத்தாயின் கை சுர்ரென்றது அதற்குப் பிறகுதான்.

ஈஸ்டருக்கு நான் ஏற்கெனவே லீவு போட்டிருந்தேன். ஊருக்குப் போனதும் ஷெட்டு வாசலில் முதலில் கண்ணில் பட்டது செருப்பு வரிசை.

“உள்ள வர்றதுன்னா செருப்பக் கழட்டு,” என்றாள் அக்கா.

“தரை ஈரமா இருக்கேக்கா.”

“இப்பத்தான் தொடச்சது. வெள்ளத் துணி தரையில பெரண்டுக்கிட்டுக் கெடக்குமில்ல? ஒரு பொட்டுச் செம்மண்ணு பட்டாலும் பிள்ளையோட ஆத்தா கண்ணுக்கு அதுதான் மொதல்ல தெரியும்.”

வெறுங்கால். ஈரத் தரை. கையில் ஆவி கக்கும் இரும்பு. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கரண்டு பட்ட உடம்பு எப்படி வந்து சேரும் என்பதை வார்டில் பார்த்தவள் நான். எதையும் பார்க்காதவர்களுக்கு வருகிற தைரியம் எனக்கு வராது.

அன்னத்தாய் ஷெட்டுக்குள் வரவில்லை. கெபிப் படியில் உட்கார்ந்து கவுன் ஓரத்தைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். “நான் அங்கன வரமாட்டேன் தங்கச்சி. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. ஒங்க அக்காவுக்கு மாதா தொண. எனக்கு யாரு?” என்றாள். மற்ற இரண்டு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டு வருவதும் வராததுமாக இருந்தார்கள். புதுநன்மை ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆள் வராவிட்டால் கவுன் முடியாது. கவுன் முடியாவிட்டால் அக்கா பேர் போகும். அக்காவின் கவலை அது. என் கவலை அக்கா மட்டுந்தான்.

பிளக் பாயிண்டைச் சோதிக்கிற ஒரு சின்னக் கருவியை நான் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். சொருகினால் மூன்று விளக்கில் எது எரிகிறது என்பதைப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லிவிடலாம். ஆனால் அயர்லாந்துப் பிளக்குக்குத் தட்டைக் கால்; நம்முடையது உருண்டை ஓட்டை. பயணத்துக்கு வைத்திருந்த அடாப்டரை நடுவில் கொடுத்துச் சொருகினேன். சிவப்பு. எர்த்து இல்லை என்று அர்த்தம். அடுத்த பாயிண்டிலும் சிவப்பு. ஷெட்டு முழுக்கச் சிவப்பு.

“மெயினை அணைங்க அத்தான்! யாரும் எதையும் தொடாதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில், கெபிப் படியிலிருந்த அன்னத்தாய் துணியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டாள்.

எர்த்து என்றால் என்ன என்று எனக்கு முழுசாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். தமிழில் படித்தபோது புவித்தொடுப்பு என்று படம் போட்டேன். பிறகு இங்கிலீஷில் படித்தபோது அதே படத்துக்கு வேறு பெயர் எழுதினேன். இரண்டு தடவையும் பரீட்சைக்குத்தான். கருவி சிவப்பு காட்டினால் பயப்பட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

ஒச்சாண்டி அண்ணன் கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினார். திருவிழாச் சப்பரங்களுக்கு சீரியல் செட் போடுகிறவர். தான் லைட்டுப் போட்ட சப்பரம் தெருவில் ஒருதடவைகூட அணைந்ததில்லை என்பதை வணக்கம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

“யாரு என் வேலைய தப்புன்னு சொன்னது? இந்த வெளிநாட்டு மேடமா?”

“மேடமில்ல, தங்கச்சி,” என்றேன்.

“தங்கச்சின்னா சரி, பொறுத்துக்கிறேன்.” கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடாப்டரை உருவி, திருப்புளியால் நெம்பித் திறந்தார். “இங்கன பாருங்க. எர்த்துக் காலுன்னு வச்சிருக்கானே, இதுக்கு உள்ள கம்பியே இல்ல. வெறும் பிளாஸ்டிக்கு மொளை. இதச் சொருகிட்டு எர்த்து எங்கன்னா, அது எங்கிட்டு இருந்து வரும்?”

அத்தான் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “கடல் தாண்டிக் கொண்டாந்த சாமான், பொய் சொல்லுது பாரு.” அக்காவுக்கும் சிரிப்பு. எனக்கு வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் இளகியது. அப்படியானால் எல்லாம் சரிதான் போலிருக்கிறது.

“சிரிச்சது போதும். ஒங்க அண்ணன் வேலையக் கண்ணால பாத்துக்கங்க,” என்று ஒச்சாண்டி அண்ணன் பையிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். ஒரு ஹோல்டரில் பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். மெயினைப் போடச் சொன்னார். ஒரு வயரை வலது ஓட்டையில், இன்னொன்றை இடது ஓட்டையில். பல்பு பளிச்சென்று எரிந்தது. “பேஸு, நியூட்ரலு. பாத்தீகளா? இப்ப எர்த்து.” இடது வயரை எடுத்து மேலே இருக்கிற பெரிய ஓட்டையில் வைத்தார்.

பல்பு எரியவில்லை.

வயரை அசைத்தார். எடுத்துத் திரும்ப வைத்தார். அடுத்த பாயிண்டுக்குப் போனார். அதற்கடுத்ததுக்குப் போனார். அத்தானின் சிரிப்பு பாதியில் நின்றது. கடைசிப் பாயிண்டில் ஒச்சாண்டி அண்ணன் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

“வேலை முடிச்ச அன்னிக்கு இதப் பாக்கலையாண்ணே?” என்று கேட்டேன். கோபமாகக் கேட்க நினைத்தேன். கெஞ்சலாகத்தான் வந்தது.

“லைனு எரியுதான்னு பாத்தேன் தங்கச்சி. எர்த்து வீட்டுல பழசு இருக்கே, அதோட சேத்துவிட்டேன். வீடு கட்டுனப்ப போட்டது, எங்கிட்டுப் போயிரும்னு இருந்துட்டேன்.”

அக்கா அயர்ன் பாக்ஸின் பிளக்கை உருவிச் சுருட்டி வைத்தாள். பிறகு, “அப்ப எர்த்துன்னு இழுத்த இந்தப் பச்ச வயரு எங்கிட்டுத்தான் போகுது?” என்று கேட்டாள்.

நாலு பேரும் வயர் பின்னாலேயே போனோம். ஷெட்டிலிருந்து மீட்டர் பெட்டிக்கு. மீட்டர் பெட்டியிலிருந்து சுவர் வழியாகக் கீழே. சுவர் முடிகிற இடத்தில் மண்ணுக்குள். அது போகிற திசையில் வாசல் மூலை. மூலையில் மாதா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

ஒச்சாண்டி அண்ணன் மெதுவாக அத்தான் பக்கம் திரும்பினார். “அண்ணே, கெபி கட்டயில இங்கன ஒரு குழாய் இருந்துச்சா?”

“துருப்பிடிச்ச குழாய் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. சுத்தி உப்பும் கரியுமா ஒரு குழி. யாரோ குப்பை கொட்டுன குழின்னு நெனச்சேன். கொத்தனாரு அத அறுத்துட்டு மண்ணப் போட்டு மெத்திட்டாரு. மாதா நிக்க எடம் வேணுமில்லலே?”

“எர்த்துக் குழாய அறுத்துட்டு மாதாவ நிறுத்தியிருக்கீக.”

“அவ நிக்கயில எர்த்து எதுக்குங்கிறேன்?”

“ஆமா, அவ எறங்கி வந்து அயர்ன் பாக்ஸப் பிடிப்பா,” என்றாள் அக்கா. “எனக்கு வாயில நல்லா வருது. அவ முன்னாடி நிக்கோமேன்னு பாக்கேன்.”

ஒச்சாண்டி அண்ணன் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அயர்ன் பாக்ஸ் கொஞ்சம் கரண்டைக் கசியவிடுகிறது. எர்த்து இருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும். மண்ணுக்குப் போக வழியில்லாததால் பச்சை வயர் வழியாக எல்லா இரும்புப் பெட்டிக்கும் பரவியிருக்கிறது. ஒரு பெட்டியின் திருகு ஷட்டர் சட்டத்தில் ஏறியிருந்தது. “போக எடமில்லாத கரண்டு தங்கச்சி. வெறுங்காலோட ஒரு ஆளு தொடமாட்டாகளான்னு காத்துக்கிட்டுக் கெடக்கும்,” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ஷெட்டு மறந்துபோய் வீடு ஞாபகம் வந்தது. பிரிட்ஜ், தண்ணி மோட்டார், வெந்நீர் போடுகிற ஹீட்டர். கெபி கட்டிய நாளிலிருந்து இந்த வீட்டில் எத்தனை ஈரக் கைகள் எதையெல்லாம் தொட்டிருக்கும்!

கெபிப் படியைப் பெயர்க்கலாமா என்று ஒச்சாண்டி அண்ணன் இழுத்தார். “மாதா மேல கடப்பாரைய வச்சா ஒன் கைய ஒடிச்சிருவேன்லே,” என்றார் அத்தான். சரி, வேறு இடத்தில் புதுக் குழி தோண்டுவது, நாளைக்கே ஆரம்பிப்பது என்று முடிவானது.

“நாளைக்கா?” என்றாள் அக்கா. “நாளைக்குப் பெரிய வெள்ளி. சுத்திச் சத்தமும் கடப்பாரைச் சத்தமும் என் வீட்டுல கேக்கக் கூடாது.”

“அக்கா, இது உயிர் விஷயம்.”

“உசுர விட்டவருக்குத்தான் அந்த ஒரு நாளு.”

அதற்குமேல் பேச முடியாது. ஷெட்டு லைனை அணைத்து வைக்க மட்டும் சம்மதித்தாள். மறுநாள் கோயில் வழிபாடு முடிந்து வந்து, வேலைக்கு வருகிற பெண்களும் அக்காவும் நானும் வீட்டுக்குள் சுற்றி உட்கார்ந்து கையாலேயே ஓரம் தைத்தோம். கூட்டத்தோடு அன்னத்தாயும் இருந்தாள். நான் இடையிடையே எழுந்துபோய், ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு பிரிட்ஜை அணைத்துவிட்டு வருவேன். அத்தான் போய்ப் போட்டுவிட்டு வருவார்.

“ஏலே, தண்ணி சுடுதுலே!” என்று அடுக்களையிலிருந்து கத்தினார்.

“அவ ஆம்பளையா, ஏலேங்கிறீக?” என்றாள் அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

“பிரிட்ஜ அணைக்கிறவ ஆம்பளயா இருந்தா என்ன, பொம்பளயா இருந்தா என்ன!”

சனிக்கிழமை துவைகல்லுக்குப் பக்கத்தில் தோண்டினார்கள். துணி அலசுகிற தண்ணீர் எப்போதும் அங்கேதான் தேங்கும், குழி காயாது என்பது அக்காவின் யோசனை. மண்வெட்டி பிடித்தவர் முத்துராஜா, பக்கத்துத் தோப்பில் வேலை பார்ப்பவர். ஆள் இடுப்பளவு இறங்கியதும் அத்தான், “இம்புட்டு ஆழத்துக்கு யாரப் பொதைக்கப் போறீக?” என்று கேட்டு அக்காவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். புதுக் குழாயை நட்டு, பச்சை வயரை அதோடு சேர்த்து, கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு மூடி, தண்ணீர் ஊற்றினார்கள். ஷட்டர் சட்டத்தில் ஏறியிருந்த திருகையும் ஒச்சாண்டி அண்ணன் கழற்றி, பெட்டியைத் தள்ளி மாட்டினார்.

மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு பாயிண்டாகத் திறந்தார். வயரில் கரண்டு இல்லை என்று லேம்ப்பை வைத்துப் பார்த்தபிறகே கையை வைத்தார். இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. சப்பரக் கதையும் சொல்லவில்லை. அக்கா பக்கத்திலேயே நின்று, அவர் முறுக்கிய ஒவ்வொரு வயரையும் தையலை இழுத்துப் பார்ப்பதுபோல இழுத்துப் பார்த்தாள்.

“இது வருதே.”

“வராதுக்கா.”

“கையோட வருதுங்கிறேன்.”

வந்தது. அவர் திருகை இறுக்கிக் கொடுத்தார். அவள் திரும்ப இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்கு நகர்ந்தாள். எல்லாம் மூடியபின் மெயினைப் போட்டு, வலது ஓட்டைக்கும் மேல் ஓட்டைக்கும் லேம்ப்பைக் கொடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஒரு பல்பு எரிந்ததற்கு யாராவது அழுவார்களா என்று அத்தான் கேட்பாரே என்று அடக்கிக்கொண்டேன்.

பிறகு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புது டிரிப்பரை மாட்டினார். எங்கேயாவது கரண்டு கசிந்தால் தானாகவே லைனை வெட்டிவிடுகிற சுவிட்சு அது. அதை மாட்டியபின் அதே லேம்ப்பை அதே ஓட்டைகளில் வைத்தார். டக்கென்று சத்தம். ஷெட்டு முழுக்க அணைந்தது.

“விழுந்துச்சா? அதுதான் சரி.”

“எரிஞ்சா சரிங்கிற. எரியாம விழுந்தாலும் சரிங்கிற. என்னலே கணக்கு இது?” என்றார் அத்தான்.

“ஆளு விழுகுறதுக்கு முந்தி இது விழுந்துரும்ணே. லேம்ப்பு வழியா மண்ணுக்குப் போன கரண்ட இது கண்டுபிடிச்சிருச்சு. நாளைக்கு ஆளு வழியாப் போனாலும் இப்படித்தான் விழும். இதுல ஒரு பட்டன் இருக்கு. மாசாமாசம் ஒரு தடவ அமுக்கிப் பாருங்க. விழுகலைன்னா எனக்குப் போனப் போடுங்க.”

கசிகிற அயர்ன் பாக்ஸை ரிப்பேருக்கு என்று ஒச்சாண்டி அண்ணன் எடுத்துக்கொண்டு போனார். அன்னத்தாய் ஷட்டருக்கு எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க மொதல்ல தொடுங்கக்கா,” என்றாள். அக்கா வெறுங்காலோடு போய் உள்ளங்கை முழுவதையும் ஷட்டரில் பதித்தாள். என்னால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “அடியே, இங்கிட்டுப் பாரு, உசுரோடதான் இருக்கேன்,” என்று அவள் சிரித்தபிறகுதான் திரும்பினேன். அன்னத்தாய் ஒற்றை விரல் நுனியால் தொட்டாள். பிறகு கையால் தொட்டாள். அப்புறம் செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

தேனியில் ரப்பர் விரிப்பு வாங்கி வந்து மிஷின்களுக்குக் கீழே போட்டேன். கறுப்பு ரப்பர் வெள்ளைத் துணியில் கறை பிடிக்கும் என்று அக்கா அதன்மேல் பழைய வேட்டியை விரித்துவிட்டாள். அயர்லாந்துக்குத் திரும்புகிற அன்று, டிரிப்பரை யாரும் தொடக் கூடாது, அதை விட்டுவிட்டு நேராக லைன் கொடுக்கிற வேலை எந்தக் காலத்திலும் கூடாது என்று வேனில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

“போத்தா, பிளேனுல பத்தரமாப் போ. அதுல எர்த்து இருக்கான்னு கேட்டுக்க,” என்றாள்.

அதன்பின் கொஞ்ச காலம் அவள் அனுப்பிய படங்கள் எல்லாம் வெள்ளை. கவுன், முக்காடு, கைக்குட்டை, கையில் மாட்டுகிற சின்னப் பை. ரிப்பேர் ஆகி வந்த அயர்ன் பாக்ஸின் படம் ஒன்று. “இப்ப ஒழுங்கா இருக்கு” என்று கீழே எழுதியிருந்தாள். அதை யார் சோதித்தார்கள் என்று கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. கவுன் படம்தான் வந்தது.

புதுநன்மைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, நான் வேலைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். இங்கே காலை. அங்கே மதியம் தாண்டியிருக்கும். மழைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினாள்.

“நேத்துல இருந்து மழை ஊத்துது. காலைல இருந்து டிரிப்பரு நிக்க மாட்டேங்குதுடி. தூக்கிவிட்டா ஒடனே விழுகுது.”

“ஒச்சாண்டி அண்ணன்?”

“மேல குமுளிப் பக்கம் எஸ்டேட்டுல வேலையா இருக்காராம். டவரே கெடைக்க மாட்டேங்குது.”

பின்னாலிருந்து அத்தான் குரல் கேட்டது. “அந்த டப்பாவத் தாண்டி ரெண்டு கம்பிய முறுக்குனா வேலை முடிஞ்சு போச்சு. சொன்னா கேக்க மாட்டேங்கிறா. லீவுக்கு வந்தவ சொன்னதுதான் வேதவாக்கு.”

“அக்கா, அத்தானை அங்க கை வைக்க விடாத.”

“விடல. ஆனா சாயந்தரம் பிள்ளைகளோட ஆத்தாமாரெல்லாம் கவுன் வாங்க வர்றாக. தச்சு முடிச்சாச்சு. மடிப்புத் தேய்க்கணும். கசங்குனத எப்படிடி குடுக்க? தேய்ப்புக்காரரு வண்டியப் பூட்டிட்டு வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிட்டாரு.”

“பக்கத்து வீட்டுல தேச்சுக்க.”

“இந்த மழையில வெள்ளக் கவுனத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நடக்கவா?” கொஞ்சம் நிறுத்தினாள். “நான் ஒண்ணு செய்றேன். எல்லாத்தையும் கழட்டிட்டு ஒண்ணொண்ணாச் சொருகிப் பாக்குறேன். எதச் சொருகுனா விழுகுதோ அத ஒதுக்கி வச்சிரலாம்.”

அது சரியான வழிதான். ஒச்சாண்டி அண்ணனும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் மழைத் தண்ணீர் எங்கே இறங்குகிறதோ. விழுவது அந்த அயர்ன் பாக்ஸாலா, சுவருக்குள் ஏதாவதா. அவள் ஷெட்டில் நின்று ஒவ்வொன்றாகச் சொருகும்போது, டிரிப்பர் விழுகிற எரிச்சலில் அத்தான் மீட்டர் பெட்டிப் பக்கம் போனால்?

“செருப்புப் போட்டுக்கக்கா. கவுன் போனாப் போகுது, செருப்பப் போட்டுக்க. அத்தானைப் பக்கத்துலயே நிக்கச் சொல்லு. மீட்டர் பக்கம் போக விடாத.”

“சரித்தா, சரி. வையி. போனக் கையில வச்சுக்கிட்டு எப்படிச் சொருக? முடிச்சிட்டு நானே கூப்பிடுறேன்.”

வைத்துவிட்டாள்.

மாத்திரைகளைக் கொடுத்து முடித்தேன். படுக்கைகளை மாற்றிப் போட்டேன். கூப்பிடவில்லை. சொருகிப் பார்க்க இவ்வளவு நேரம் ஆகாது. எது கசிகிறது என்று கண்டுபிடித்துவிட்டு, மடிப்புத் தேய்த்துக்கொண்டிருப்பாள். போன் துணிக்கு அடியில் கிடக்கும். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவளுக்கு அடித்தேன். மணி முழுக்க அடித்து நின்றது. அத்தானுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. சார்ஜ் இல்லாமல் இருக்கலாம். அன்னத்தாய்க்கு அடித்தேன். மணி போயிற்று. யாரும் எடுக்கவில்லை. வேலை செய்கிற இடத்தில் நான்கு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்திக்குமா கேட்காது?

திரும்ப அக்கா எண்ணை அழுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் போய்ச் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடத்தில் நின்றேன். மணி அடிக்கிறது. பின்னாலிருந்து யாரோ தண்ணீர் கேட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். இதோ வருகிறேன் என்று கையைக் காட்டுகிறேன். மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.